தொலைக்காட்சியின் முதுகுப் பக்கம்

அம்மா செத்துப் போய் ஏழு மாதம். அப்பா கதிரையை விட்டு எழும்ப மாட்டேன் என்கிறார். குளிக்க, சாப்பிட, படுக்க என்று நான் பிடித்துத் தூக்கினால் எழும்புவார். விட்டால் திரும்பவும் அதே கதிரை, அதே யன்னல், அதே கடல். இப்படியே இன்னும் இரண்டு மாதம் இருந்தால் கால்கள் நிற்க மறந்துவிடும், பிறகு கட்டில்தான் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதையும் அப்பா யாரோ ஒருவருடைய கதையைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் டொக்டருக்கு நன்றி சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

அந்தக் கோபத்தில்தான் கனடாக்காரியைத் தேடத் தொடங்கினேன்.

அவள் உண்மையில் எந்த நாட்டுக்காரி என்று எங்களுக்குத் தெரியாது. சின்னம்மா கனடாவிலிருந்து அனுப்பிய பெட்டியில், சவர்க்காரத்துக்கும் சொக்லேட்டுக்கும் நடுவே ஒரு உடற்பயிற்சி வீடியோ கசெற்றாக வந்து இறங்கியவள். அதனால் கனடாக்காரி. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்த அப்பா, நெஞ்சு நோ வந்து, பெரியாஸ்பத்திரியில் கிடந்து, தப்பி வீட்டுக்கு வந்திருந்தார். ஒவ்வொரு நாளும் உடம்பை அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை சொல்ல முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். விடியக் கடற்கரையில் நடக்கலாமென்றால் சென்றியில் துவக்கோடு நிற்கிற ஆமிக்காரனுக்கு ஆர் பதில் சொல்வது? சும்மா நடக்கிறேன் என்று சொல்லி நம்பவைக்கக்கூடிய காலமா அது?

அதுவரை எங்களுக்குத் தெரிந்த உடற்பயிற்சி ஆட்கள் இரண்டே பேர். சலூன் சுவரில் எண்ணெய் பூசிய உடம்போடு நின்ற கலண்டர் மனிதர் ஒருவர். விடியற்காலைத் தொலைக்காட்சியில் வெள்ளை பெனியனோடு, சிங்களத்தில் எண்ணி எண்ணிக் குனிந்து நிமிர்ந்த மாஸ்டர் மற்றவர். முதலாமவரைப் பார்த்தால் அப்பாவுக்குச் சிரிப்பு வரும். இரண்டாமவர் அப்பா கண் விழிக்கும் முன்பே எல்லாம் செய்து முடித்துவிட்டுப் போய்விடுவார்.

கசெற்றைப் போட்ட முதல் நாள் எனக்கு நல்ல நினைவு. இசை கேட்டது. பிறகு அவள் வந்தாள். நெற்றியில் பட்டி, நீல நிறத்தில் பளபளவென்று தோலோடு ஒட்டிய உடுப்பு, வாய் நிறையச் சிரிப்பு. அவ்வளவுதான் பார்த்தோம். அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். மனுசனை வெட்கம் பிடுங்கித் தின்றது. கசெற் அலுமாரிக்குள் போனது. அதைப் பூட்டிய திறப்பு அம்மாவின் இடுப்புக்குப் போனது.

அடுத்த நாள் பின்னேரம் அம்மா ஒரு வேலை செய்தார். தொலைக்காட்சியை மேசையோடு இழுத்து, முகம் குசினிப் பக்கமாகவும் முதுகு கூடத்துப் பக்கமாகவும் திருப்பி வைத்தார். குசினி வாசலில் தான் நின்றுகொண்டார். கூடத்தில் அப்பாவை நிறுத்தினார். கனடாக்காரி செய்வதைப் பார்த்து அம்மா செய்வார், அம்மாவைப் பார்த்து அப்பா செய்வார். அப்பாவின் கண்ணில் படுவது தொலைக்காட்சியின் கறுத்த முதுகும் அதற்கு மேலே அம்மாவும் மட்டும்தான். எனக்கும் அப்பா பக்கம்தான் இடம். குமர்ப்பிள்ளை பார்க்கிற சாமான் இல்லையாம்.

அந்தப் பின்னேரங்களை இப்போது நினைத்தால் தண்ணீருக்குள் நடந்தவை போல இருக்கின்றன. நாலரை மணி வெயில் சிமெந்து நிலத்தில் மஞ்சளாகப் படுத்திருக்கும். துறைமுகத்தில் ஏதாவது கப்பல் நீளமாக ஊதும். கேற்றடியில், ஊருக்குள் மாடுகள் போலத் திரிகிற மான்களில் இரண்டு வாழைப்பழத் தோலுக்காகக் காத்து நிற்கும். பெட்டிக்குள்ளிருந்து ஆங்கிலத்தில் ஒரு குரல் எண்ணும், சிரிக்கும், இன்னும் இன்னும் என்று ஊக்கம் கொடுக்கும். அம்மா வீட்டுச் சேலையோடு கைகளை மெல்ல உயர்த்தி, எட்டி, இறக்குவார். எதையோ தன் பக்கம் இழுப்பார். இடுப்பை ஆட்டாமல் கைகளை மட்டும் இடமும் வலமும் அசைப்பார். சாரத்தை மடித்துக் கட்டிய அப்பா, கச்சேரிக் கோப்பைப் பார்க்கிற முகத்தோடு அதையெல்லாம் திருப்பிச் செய்வார். கரண்ட் போய்க் குரல் நின்றாலும் அம்மா நிற்கமாட்டார். தானே எண்ணிக்கொண்டு போவார். எவ்வளவு கெதியாய்ப் பாடமாக்கிவிட்டா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன்.

வீடியோ டெக் பழுதானது. கசெற்றில் பூஞ்சணம் பிடித்தது. சண்டை வந்தது, போனது, சுனாமியாய்க் கடல் வந்தது, போனது. நாலரை மணிக்கு அம்மா குசினி வாசலில் நிற்பது மட்டும் நிற்கவில்லை. அப்பாவின் நெஞ்சு முப்பது வருடத்துக்கு மேல் ஒரு குறையும் சொல்லவில்லை.

இப்போது போனைத் திறந்தால் ஆளுக்கொரு மாஸ்டர். முப்பது செக்கனில் வயிறு குறையுமாம், லைக் போட வேண்டுமாம். கனடாக்காரி எங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை. ஊரடங்குக்குள் கிடந்த ஒரு துறைமுகப் பட்டினத்தில், தன் குரலுக்கு ஒரு கிளார்க் கை தூக்குகிறார் என்று அவளுக்குத் தெரியவும் நியாயமில்லை. அவளை மூன்று நாள் தேடினேன். நீல உடுப்பு, நெற்றிப் பட்டி, அந்த இசை. மூன்றாம் நாள் குசினியில் சோற்றை வடித்துக்கொண்டிருக்கும்போது அகப்பட்டாள். யாரோ பழைய கசெற்றை அப்படியே ஏற்றி வைத்திருந்தார்கள்.

அடுப்பை நூத்துவிட்டுப் பார்த்தேன். அவள் துள்ளுகிறாள். காலை நெஞ்சுவரை தூக்குகிறாள். ஓடுகிறாள், குனிகிறாள், கை தட்டிச் சுழல்கிறாள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை இரண்டு தரம் பார்த்தேன். அம்மா செய்தது ஒன்றுகூட அதில் இல்லை. எட்டி இறக்கியது கொடியில் உடுப்புப் போடுவது. இழுத்தது கிணற்று வாளி. இடமும் வலமும் அசைத்தது மா அரிப்பது. அடி பாவி அம்மா! முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்திருக்கிறீங்கள் என்று வாய்விட்டே சொன்னேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

போனைக் கொண்டுபோய் அப்பாவின் மடியில் வைத்தேன். அம்மா உங்களை இவ்வளவு காலமும் ஏமாற்றியிருக்கிறா, பாருங்கோ என்றேன். இதைக் கேட்டாவது சிரித்துக்கொண்டு எழும்புவார் என்று ஒரு நப்பாசை. அப்பா போனைப் பார்க்கவே இல்லை.

"எனக்குத் தெரியும்," என்றார்.

அம்மா ஒருமுறை செத்த வீடொன்றுக்காகத் திரியாய்க் கிராமத்துக்குப் போனபோது திறப்பை மறந்து வைத்துவிட்டுப் போனாராம். நான் பள்ளிக்கூடத்தில். அப்பா கசெற்றை எடுத்துப் போட்டு முழுதையும் பார்த்திருக்கிறார். கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவள் துள்ளு துள்ளெண்டு துள்ளுறாள். நான் துள்ளினா நெஞ்சு நிண்டுபோமெண்டு அம்மாவுக்குப் பயம். அதுதான் தன்ரபாட்டில ஒண்டைக் கட்டிச் செய்தவ."

பிறகு ஏன் அம்மாவிடம் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா வெட்கப்பட்டு விட்டிடுவா. நான் செய்யிறதைப் பாத்தா அவவின்ர பயம் கொஞ்சம் குறையும். அதுக்காகச் செய்தனான். எனக்கெண்டு நான் ஒருநாளும் செய்யேல்லை."

பிறகு, மணி என்ன என்று கேட்பது போலக் கேட்டார்.

"இப்ப ஆருக்குப் பயம்?"

திட்டுவதற்கு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். டொக்டர் சொன்னது, கால், கட்டில், என்னுடைய முதுகு நோ. அதையெல்லாம் விட்டுவிட்டேன். எனக்கு ஐம்பதை நெருங்குகிறது. கோபப்பட்டே அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் நான். இந்த ஒரு சொல்லை அவரிடம் சொன்னதே இல்லை.

"எனக்குப் பயமாக் கிடக்கு, அப்பா."

யன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். இந்த ஏழு மாதத்தில் அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தரம். கதிரையின் இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்தார். நான் பாய்ந்து தோளைத் தாங்கப் போனேன்.

"சரி, அழாதை," என்று சொல்லி, என் கையை விலக்கிவிட்டு எழும்பி நின்றார்.