தூங்குமூஞ்சி மரமும் கயித்துக்காரியும்

கயித்துக்காரிக்குக் காலையிலிருந்தே கோபம். அவளுக்குக் கோபம் வராத நாள் எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, அது வேறு விஷயம். அன்றைய கோபம் முழுக்க அவள் புருஷன் மேல். முழங்காலுக்குத் தைலம் தேய்க்காமல் படுக்க முடியாத மனுஷன், மருந்துக்கடைக்காரர் வீட்டை ஒட்டி நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டித் தருகிறேன் என்று அவளைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

மரம் லேசுப்பட்டது அல்ல. வேர் சமையலறைச் சுவரைப் பிளந்து உள்ளே எட்டிப் பார்த்தது. மேலே மூன்று பெரிய கொம்புகள். மூன்றாவது கொம்பு படுக்கையறை ஓட்டுக்கு நேர் மேலே நீண்டு கிடந்தது.

"ஒத்துக்கறதுக்கு முன்னாடி மேல பார்த்தியாய்யா?"

"பார்த்தேன். மரந்தான் இருந்துச்சு."

"இந்தக் குசும்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

மரம் ஏறுகிறவனின் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அது அவனுக்கு மேலே கொம்பு பிரியும் கவையில் ஏறி, மறுபக்கம் இறங்கி, கீழே நிற்பவர் கைக்கு வரும். அவன் நகர்ந்தால் தளர்த்த வேண்டும், வழுக்கினால் இறுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அதைப் பிடித்தவன் அவளுடைய கொழுந்தன். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனவள் பார்க்கிறாள், அந்தப் பெரிய துரை கயிற்றைக் காலில் மிதித்தபடி பீடி பற்றவைத்துக்கொண்டிருக்கிறார். மேலே அவள் புருஷன் ஒற்றைக் காலில் நிற்கிறான். தூக்குவாளியைக் கீழே வைத்தாள். தெருவே பார்க்கக் கொழுந்தன் கன்னத்தில் ஒன்று விட்டாள். அன்று பிடித்த கயிறு. வயிற்றில் பிள்ளையோடும் பிடித்தாள், அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொடுத்த மறுநாளும் பிடித்தாள். ஒரு தடவைகூட அவள் கையில் அது நழுவியதில்லை. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அவன் மேலே இருக்கும்போது வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவள் சட்டம். மருந்துக்கடைக்காரருக்கு அது ஒத்துவரவில்லை.

"அண்ணே, ஓடு பத்திரம்! கொஞ்சம் வலது பக்கமா வெட்டுங்க!"

"சார், உங்க கடைக்குள்ள பூந்து நான் மாத்திரை எடுத்துக் குடுத்தா சும்மா இருப்பீங்களா? தள்ளி நில்லுங்க."

இரண்டு கொம்புகள் ஒழுங்காக இறங்கின. மூன்றாவதில் அவன் கால் வைத்ததும் கயிற்றில் ஒரு அதிர்வு வந்தது. காற்று என்றால் விட்டுவிட்டு வரும். இது நிற்கவே இல்லை. அண்ணாந்து பார்த்தாள். அவனுடைய இரண்டு கால்களும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.

கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டாள். அடுத்த நிமிஷமே கோபம் பொங்கியது. படுபாவி, இது இன்றைக்கு வந்த நடுக்கமாக இருக்காது. எத்தனை மரத்தில் மறைத்தானோ! "கால் நடுங்குது, இறங்கு" என்று கத்தினால், நடுங்கவில்லை என்று காட்டுவதற்காகவே கொம்பின் நுனிவரை போய் நிற்பான். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு இது தெரியாதா?

"யோவ்! என் கை மரத்துப்போச்சு! கயிறு நழுவுது! இறங்கு!"

"என்னடி உளர்றே?"

"இறங்குன்னா இறங்கு!"

மருந்துக்கடைக்காரர் ஓடி வந்தார். "விடும்மா, நான் பிடிச்சுக்கறேன்."

அவள் விடவில்லை. அவர் கயிற்றை இழுத்துப் பார்த்தார். ஒரு விரலைக்கூட அவரால் பிரிக்க முடியவில்லை. "என்னம்மா இது, கை மரத்துப்போச்சுன்னு சொல்லிட்டு உடும்பு மாதிரி பிடிச்சிருக்கியே?"

"நீங்க சும்மா இருங்க சார்!"

மேலே இருந்தவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரம்பத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு அடியாக இறங்கினான். அவன் தரையைத் தொடும்வரை அவள் மூச்சு விட்டாளா என்பது அவளுக்கே ஞாபகம் இல்லை. வெட்டிப் போட்ட கொம்பின் மேல் அவன் உட்கார்ந்ததும், அந்தக் கால்கள் யார் கண்ணிலும் படாதபடி முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"அக்காவுக்கு வயசாயிடுச்சு போல. இனிமே நல்ல கையாப் பார்த்து வச்சுக்கங்கண்ணே" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஆமா சார். இவளுக்குக் கை போச்சு" என்றான் அவன், கூசாமல்.

அவளுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். வீடு வரும்வரை அவனோடு பேசவில்லை. வந்த பிறகும் பேசவில்லை, பாத்திரங்கள்தான் பேசின. மிச்சமிருந்த மரத்தை மறுநாள் ஏணி வண்டிக்காரர்கள் வந்து முடித்தார்கள்.

அன்று காலையில் அவனுக்கு ஒரு கொத்தனாரிடமிருந்து போன் வந்தது. ஏதோ ஒரு வீட்டு மாடி மேல் மரம் சாய்ந்து நிற்கிறதாம், வந்து வெட்டித் தர வேண்டுமாம். அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள், காது முழுக்க வாசலில்.

"இல்லப்பா, நான் விட்டுட்டேன். பொண்டாட்டிக்குக் கை சரியில்ல... வேற ஆளா? அதெல்லாம் ஆவாதுப்பா. அவ பிடிக்காத கயித்துல நான் ஏற மாட்டேன்."

மடித்த சேலை அவள் மடியில் அப்படியே கிடந்தது. தெரிந்திருக்கிறது இந்த ஆளுக்கு! நேற்று மேலே இருந்து அவள் பிடியைப் பார்த்தபோதே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான், ஊர் முழுக்க அவள் கையைப் பேசும்படி விட்டிருக்கிறான், தன் காலைப் பற்றி மூச்சு விடாமல். கன்னத்தில் ஒன்று கொடுக்கலாமா என்றிருந்தது. அழுகையும் வந்தது, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

போனை வைத்துவிட்டு அவன் உள்ளே வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"டீ இருக்கா?"

"கை போனவகிட்ட வந்து டீ கேக்கறியா? நீயே போட்டுக் குடி!"

"சரி, உனக்கும் போடறேன்" என்றான். சமையலறைக்குச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோனான். அவள் எழுந்து பின்னாலேயே போனாள், திட்டிக்கொண்டே, கை எட்டுகிற தூரத்தில்.