விண்வெளி உடுப்பின் நெஞ்சுப் பட்டை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும் படித்தவள். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் எழுதிவிடுவேன். பாதி மறந்தும் போச்சு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது எங்கள் ஊரில் கணபதி என்கிற இடத்தில் ஒரு ஷெட்டில் பவுண்டரி ஆட்களுக்குக் கோட்டும் கையுறையும் தைத்துக்கொண்டிருந்தேன். இரும்பை உருக்கி ஊற்றுகிறவர்கள் சூடு தாங்கப் போட்டுக்கொள்கிற கோட்டு. ஆஸ்பெஸ்டாஸ் துணி. கத்தரி வைத்தால் மாவு மாதிரி தூசு பறக்கும். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு தைப்போம். ஏழெட்டு வருஷத்தில் எனக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. டாக்டர், "மொதல்ல அந்தத் துணி வேலையை உட்டுருங்கம்மா" என்றார். விட்டுவிட்டு எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் ஓனர் ஷெட்டுக்கு வந்தார். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற ஒரு படத்துக்காக, நிலாவில் நடக்கிற ஆள் ஒருவனைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்துகொண்டிருந்தார்களாம். ஆள் வந்துவிட்டான், உடுப்புதான் வரவில்லையாம்.

"ஏனுங்கக்கா, உடுப்பு பலூனாட்டம் இருக்குதுங்க. கையை மடக்குனா ரப்பர் குழாய் மாதிரி வளையுது. நெசமா ஒண்ணு தெச்சுக் குடுத்தீங்கன்னா, அதைப் பாத்துச் செஞ்சுக்குவோம்."

பத்திரிகையிலிருந்து கிழித்த இரண்டு படங்களைக் கொடுத்தார். அதை வைத்துத் தைத்தேன். வெளியே வெள்ளிப் பூச்சுத் துணி, உள்ளே ஸ்பாஞ்சு. முழங்கைக்கு உள்பக்கம் சுருக்கு வைத்தேன், வெளிப்பக்கம் துணி கூட விட்டேன். அப்படி விடாவிட்டால் கை மடங்காது. நெஞ்சில் ஜிப்புக்கு மேல் ஒரு பட்டை. பவுண்டரிக் கோட்டில் இரும்புத் துளி உள்ளே தெறிக்காமல் இருக்க, இடது பக்கத்திலிருந்து ஒரு பட்டை வந்து வலது பக்கத்தின் மேல் படுத்திருக்கும். அதே மாதிரி இதற்கும் வைத்தேன். அதனால் இடது முன்பக்கம் நாலு விரல் அகலம் கூட. காகிதத்திலேயே இடது தனி, வலது தனி என்று வெட்டி, பென்சிலால் எழுதியும் வைத்தேன்.

அவர்கள் ஆபீசில் கம்ப்யூட்டரில் அந்த ஆளைச் செய்தது ஒரு பொண்ணு. காலேஜ் முடித்தவள். நான் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்தாள், குனிந்தாள். மடிப்பு விழுகிற இடத்திலெல்லாம் நான் சாக்பீஸால் கோடு போட்டேன். இன்னொருவர் போட்டோ எடுத்தார்.

"அம்மா, இட்லிச் சட்டிக்குள்ள இருக்கற மாதிரி இருக்குது. நான் வெந்துட்டேன், எறக்குங்க!" என்று கத்தினாள். அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

கம்ப்யூட்டர் ஆள் மேல் துணியை ஒட்ட, அவன் தோலை வெட்டிக் காகிதம் மாதிரி தட்டையாக விரித்துப் பரப்ப வேண்டுமாம். எங்கே வெட்டுவது என்று தெரியாமல் இரண்டு நாள் விழித்தாள்.

"தெச்ச எடத்துலயே வெட்டு கண்ணு. தையல் இருக்கற எடத்துலதான துணி பிரியும்?" என்றேன்.

"இது எங்க யாருக்கும் தோணலையேம்மா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஓனர் சொன்னார்: "பெங்களூர்ல இருந்து படம் வாங்கறவரு அடுத்த வாரம் வாராருங்கக்கா. அவரு சரின்னுட்டா இன்னும் பத்து உடுப்புக்கு வேலை இருக்குது. நீங்க இங்கயே வந்துருங்க. ஏசி ரூமு, தூசி கெடையாது."

தூசி கெடையாது. பஸ்ஸில் ஊட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

பெங்களூர்க்காரர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் முழு ஆளையும் திரையில் பார்த்தேன். அந்தப் பொண்ணு பாதி ஆளைத்தான் செய்திருந்தாள். மறுபாதியைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி கம்ப்யூட்டரே போட்டுக்கொடுத்துவிடுமாம். எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். ஆனால் அப்படிப் போட்டதில், இடது பக்கத்துப் பட்டை வலது பக்கத்துக்கும் வந்திருந்தது. இரண்டு பட்டையும் நடு நெஞ்சில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நின்றது. திறக்க வழியே இல்லை.

பார்த்ததும் எனக்குத் தெரிந்துபோச்சு. சொல்லத்தான் வாய் வரவில்லை. அங்கே எல்லாரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் தப்புச் செய்யுமா, நிலாவுக்குப் போகிறவர்கள் அப்படித்தான் போடுவார்களோ என்னவோ, நான் எதற்கு வாயைத் திறப்பது என்று நின்றேன்.

ஒரு தடவை, "கண்ணு" என்றேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. காப்பி குடிச்சயா?"

மறுநாள் அவர் வந்தார். முழங்கை மடிப்பைப் பார்த்து, துணி அப்படியே துணியாகவே இருக்கிறது என்றார். ஓனர் முகம் மலர்ந்துபோச்சு. அப்புறம் அவர் திரைப் பக்கம் சாய்ந்தார். தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இந்த ஆளு இதுக்குள்ள எப்படிப் போனான்? தொறக்க எடமே இல்லையே. உள்ள வெச்சே தெச்சுட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஓனர் சிரிக்கவில்லை. கையை என் பக்கம் நீட்டினார்.

"இந்தம்மா வெட்டிக் குடுத்ததுங்க சார். பவுண்டரிக்குக் கோட்டுத் தெக்கறவங்க, அவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க. நாங்க அப்படியே போட்டுப்போட்டோம்."

இடது, வலது என்று நான் எழுதி வெட்டின காகிதங்கள் என் மடியில் இருந்த பைக்குள்தான் இருந்தன. எடுத்து மேசை மேல் வைத்திருந்தால் போதும், பேசக்கூட வேண்டியதில்லை. அந்தப் பொண்ணு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அவளாவது சொல்வாள் என்று இருந்தேன். அவளுக்கும் வேலை வேண்டுமல்லவா.

"தப்பாப் போச்சுங்க" என்றேன். நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்ல வைக்கவில்லை.

பட்டையை அன்றைக்கே சரி செய்துவிட்டார்களாம், படமும் போய்ச் சேர்ந்ததாம். "சொல்லி அனுப்பறேனுங்கக்கா" என்று ஓனர் படி வரை வந்து சொன்னார். சொல்லி அனுப்பவில்லை. நான் ஷெட்டுக்கே திரும்பிப்போய் இன்னும் ஒன்பது வருஷம் அந்தத் துணியையே வெட்டினேன். இப்போது குடத்தில் பாதித் தண்ணீர் தூக்கினால்கூட உட்கார்ந்துவிடுகிறேன். அந்தப் பொண்ணை ஒரு தடவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என்னைக் கண்டதும் பஸ் போர்டைப் படிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள். நானும் முந்தானையைச் சரி செய்கிற மாதிரி நின்றுகொண்டேன்.

இதெல்லாம் நடந்தது ஊரில் குண்டு வெடித்ததற்கு முந்தின வருஷமா பிந்தின வருஷமா என்பது எனக்கு நிச்சயமில்லை. கம்ப்யூட்டர் வேலையைப் பற்றி எழுதியதிலும் தப்பு இருக்கலாம். அது தெரிந்த ஒருவரும் தையல் தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். காகிதங்கள் என் டிரங்குப் பெட்டியில் பழுத்துப்போய்க் கிடக்கின்றன. இடது ஒன்று, வலது ஒன்று. ஒன்றன் மேல் ஒன்று வைத்து, நாலு விரல் வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்று யாராவது அளந்து சொல்லுங்கள்.