ஒரு பக்கத் தாடி

அப்பா தாடி வளர்த்த வருஷம் நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு அவரைத் தாடியோடு பார்த்ததே கிடையாது. காலையில் எழுந்ததும் முற்றத்து ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டிவிட்டு, கன்னத்தில் சோப்பு நுரையைப் பூசிக்கொண்டு நிற்பார். கன்னம் என் சிலேட்டைவிட வழவழப்பாக இருக்கும். திடீரென்று ஒருநாள் அந்தக் கண்ணாடியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். கேட்டவர்களிடமெல்லாம் பிளேடு ஒத்துக்கொள்ளவில்லை, முகத்தில் கொப்புளம் வருகிறது என்றார். நானும் நம்பினேன். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லி வைத்தியம்கூடச் சொன்னேன்.

அம்மா அப்போது ஐந்து மாதம். அடுத்த வீட்டிலிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, சாஸ்திர சம்பிரதாயத்தில் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காதவள். வீட்டுக்காரி மாசமாக இருக்கும்போது புருஷன் முடி எடுக்கக் கூடாது என்பது அவள் கட்சி. இரண்டு வருஷத்துக்கு முன்பும் இதையேதான் சொன்னாள். "முடிக்கும் பிள்ளைக்கும் என்னக்கா இருக்கு?" என்று சிரித்துவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே அப்பா நுரையை வழித்து எறிந்தார்.

அந்தத் தடவை அம்மா பிரசவத்துக்குச் சிவகிரியில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். நாங்கள் இங்கே தொட்டில் சேலையெல்லாம் துவைத்து மடித்து வைத்திருந்தோம். டிரங்குப் பெட்டியோடு மட்டும்தான் அவள் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கூட்டிவரப் போயிருந்த அப்பாவின் முகம் அன்றைக்கும் வழவழவென்று இருந்தது. பாப்பா எங்கே என்று நான் கேட்டதற்கு ஒரு முறுக்குப் பொட்டலம் கிடைத்தது. அதோடு நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

இந்தத் தாடியை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சைக்கிளில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட வந்தால் கூடப் படித்த பிள்ளைகள் பூச்சாண்டி என்று கத்துவார்கள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் வெளியூர்க்காரி ஒருத்தி அவரைச் சாமியார் என்று நினைத்துத் திருநீறு கேட்டுவிட்டாள். அப்பா சிரித்தார். நான் வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

ஆவணியில் ஒரு இரண்டாம் சனிக்கிழமை, ஆபீஸ் லீவு. சாப்பிட்டுவிட்டு அப்பா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. அந்தச் சத்தத்தில்தான் எங்களுக்குத் தூக்கமே வரும். அம்மாவின் தையல் கத்தரிக்கோலையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். சலூனில் செய்வதைப் போலவே சீப்பை முடிக்குள் கொடுத்து, மேலே நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டினேன். காதோரத்திலிருந்து தாடை வரைக்கும் வேலை சுத்தம். அந்தப் பக்கத்தைப் பற்றி இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். அவர் புரண்டு படுத்தால் மறுபக்கத்தையும் முடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். அதற்குள் கரண்ட் போய்விட்டது. தறிகள் எல்லாம் ஒரேயடியாக நின்றன. தறி நின்றால் எங்கள் தெருவில் தூங்குகிறவர்கள் எல்லோரும் முழித்துக்கொள்வார்கள்.

அப்பா கன்னத்தைத் தடவினார். என் கையைப் பார்த்தார். முதுகில் விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், பாயில் கிடந்த முடியை ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

அம்மா வந்து பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தைதான் சமாளித்தாள். "பச்சப்பிள்ளை கை பட்டதுக்கு ஒரு குத்தமும் கிடையாது. மத்தப் பக்கத்தையும் ஒதுக்கிவிட்டுருலே. பாக்கச் சகிக்கல."

சாஸ்திரத்தின் சொந்தக்காரியே அனுமதி கொடுத்துவிட்டாள். சாஸ்திரத்தைக் கேலி செய்கிறவர் கேட்கவில்லை.

"இருக்கட்டும்க்கா," என்றார். "இது இப்படியே இருக்கட்டும்."

அப்படியேதான் இருந்தது. ஒரு கன்னத்தில் காடும் ஒரு கன்னத்தில் அறுத்த வயலுமாக அப்பா ஆபீசுக்குப் போனார், மார்க்கெட்டுக்குப் போனார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர், "என்ன அண்ணாச்சி, பாதியில கரண்ட் போயிட்டோ?" என்று கேட்டார். உண்மையில் நடந்ததும் அதுதான் என்பதால் எனக்கு உயிரே போய்விட்டது. அப்பா அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டு டீயை ஆற்றினார். அந்த முகத்தோடு தினமும் என்னைப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுவந்து விட்டார். எனக்குத் தண்டனை கொடுக்கத்தான் இப்படிச் செய்கிறார் என்று முடிவுகட்டினேன். அதற்கு இரண்டு அடி அடித்திருக்கலாம். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

இந்தத் தடவை அம்மாவைச் சிவகிரிக்கு அனுப்பவில்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா நனைந்துகொண்டே வந்தார். வெட்டிய பக்கம் கொஞ்சம் வளர்ந்திருந்தாலும் மறுபக்கத்தை எட்டிப்பிடிக்கவில்லை.

"தம்பி பொறந்திருக்கான் மக்கா. அம்மையும் நல்லாருக்கா," என்றார். தலையைக்கூடத் துவட்டாமல் கண்ணாடியை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டினார். பிறகு கத்தரிக்கோலை என்னிடம் நீட்டி, எனக்கு எட்டும்படி தரையில் உட்கார்ந்தார். "அன்னைக்கு விட்ட பக்கத்தை வெட்டுட்டி."

சீப்பைக் கொடுத்து வெட்ட ஆரம்பித்தேன். பாதி வெட்டுவதற்குள் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடிக்குள் போனது. முடியைப் பிடித்து இழுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்துபோனேன்.

"வலிக்காப்பா?"

"ஆமாட்டி," என்றார். "வலிக்கி."

அதற்கப்புறம் ரொம்ப மெதுவாக, ஒவ்வொரு முடியாக வெட்டினேன்.