நொடிக்கும் நொடிக்கும் நடுவில்

காரைக்குடியில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்து, அங்கிருந்தே வேலை பார்க்கிறேன். சில நாட்களில் கீழ்வீட்டு ஜமீலா அக்காவின் குரலைத் தவிர வேறு குரல் கேட்காது.

அக்காவின் அம்மா போன மாதம் இறந்துவிட்டார். கேமராவைக் கண்டாலே முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்பவர். அவருக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. இருந்தது அக்காவின் நிக்காஹ் வீடியோ மட்டும்.

"இதுல இருந்து அம்மா முகம் ஒண்ணு எடுத்துக் குடு தங்கச்சி."

எஃப்எஃப்எம்பெக் என்ற நிரலில் ஒரு வரிக் கட்டளை போதும். வீடியோ தனித்தனிப் படங்களாகிவிடும். நொடிக்கு ஒரு படம் என்று கொடுத்து, வரிசையாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முக்காடுதான்.

"முகம் எங்கேயும் இல்லக்கா."

"எப்புடி இல்லாமப் போகும்? திருஷ்டி கழிச்சு எனக்கு நெட்டி முறிச்சாகளே. ரெண்டு கையும் நெத்திக்குப் போனா முக்காட்டை யாரு புடிப்பா? ஒங் கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியலையா?"

அப்போதுதான் உறைத்தது. ஒரு நொடிக்குள் இருபத்தைந்து படங்கள் இருக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை நானே விட்டிருந்தேன். அந்த வரம்பை நீக்கி மறுபடி ஓட்டினேன்.

ஒரு படத்தில், மணப்பெண்ணின் கன்னத்தை வழித்த கைகள் அம்மாவின் நெற்றியோரங்களில் மடங்கியிருந்தன. முக்காடு நழுவி, முழு முகம். கண் கலங்கிச் சிரித்தபடி மகளைப் பார்க்கிறார்.

"என்னத்தான் பாக்குறாக" என்றார் அக்கா.

படத்தை அவருக்கு அனுப்பிவிட்டு மற்றவற்றை அழித்தேன். அந்த ஒன்றை மட்டும் அழிக்கவில்லை. அந்தப் பார்வை எனக்கானதல்ல என்று தெரியும். ஆனாலும், யாரையோ அப்படிப் பார்க்கும் ஒரு முகம் என் அறையில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.