தெற்கே பார்த்த வண்டி

எங்கள் வேனுக்குக் குளிர் ஆகாது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். தருமபுரிப் பக்கம் என்ன பெரிய குளிர், ஊட்டியா கொடைக்கானலா என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் மார்கழியில் விடியும் முன் எங்கள் ஊருக்கு வந்து, தெருக்குழாயில் முகம் கழுவிப் பார்த்துவிட்டுப் பேசட்டும். மனுசருக்கே பல் கிட்டிக்கொள்ளும்போது பழைய டீசல் வண்டி மட்டும் கூப்பிட்டதும் எழுந்துவிடுமா?

நாங்கள் சாமந்தி போடுகிறவர்கள். எங்கள் தோட்டத்துப் பூவோடு அக்கம்பக்கத்துப் பூவையும் மூட்டை கட்டி, விடியற்காலையில் தருமபுரி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது என் வீட்டுக்காரர் வேலை. கூடப் போய் மூட்டைகளை இறக்கி, எடை போடும்போது தராசு முள்ளைப் பார்ப்பது என் வேலை. மார்கழி வந்தால் எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். வண்டியைத் தள்ளுவது.

டீசல் வண்டியில் சாவியைப் பாதி திருப்பினால் சுருள் மாதிரி ஒரு விளக்கு எரியும். உள்ளே ஹீட்டர் என்று ஒன்று இன்ஜினைச் சூடாக்குகிறது என்று அர்த்தம். விளக்கு அணைந்த பிறகு முழுதாகத் திருப்பினால் வண்டி உயிர் பெறும். எங்கள் வண்டியில் விளக்கு ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும். ஹீட்டர்தான் செத்துப்போய் வெகுகாலம். மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று நான் சொன்னபோதெல்லாம் என் வீட்டுக்காரர், "வெயில் வந்துட்டா எதுக்குடி ஹீட்டரு?" என்பார். வெயில் வந்துவிடும். அடுத்த மார்கழியும் வந்துவிடும்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, இறக்கம். எங்கள் வாசலிலிருந்து கிழக்கே போனால் நேராகத் தார் ரோடு. தெற்கே போனால் தெரு சரசரவென்று இறங்கி, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு அதே ரோட்டில் போய் ஏறும். குளிர் காலத்தில் முதல் நாள் சாயங்காலமே வண்டியைத் தெற்கே பார்க்க நிறுத்தி, முன் சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்துவிடுவார். காலையில் நான் கல்லை எடுத்துவிட்டுப் பின்னால் போய்த் தள்ளுவேன். வண்டி தானாக உருளும், அவர் கியரைப் போட்டு கிளச்சை விடுவார், வண்டி இரண்டு குலுக்கு குலுக்கி, கரும்புகையைக் கக்கி, கிளம்பிவிடும்.

குலுக்குவதும் கக்குவதும் சரியாகக் கீழ்வீட்டு அக்காவின் வாசலில் நடக்கும். அங்கேதான் வினை.

கீழ்வீட்டு அக்கா மார்கழி முழுக்கக் கோழி கூவும் முன் எழுந்து, சாணம் தெளித்து, தெருவை அடைத்துக் கோலம் போடுகிறவர். சின்னக் கோலம் அவருக்குக் கை வராது. தேர், மயில், தாமரைக் குளம் என்று போட்டு, நடுவில் சாணி உருண்டை வைத்துப் பூசணிப்பூ செருகிவிட்டு நிமிர்வார். நிமிரும் நேரத்துக்கு எங்கள் வண்டி வரும். மயிலுக்குக் கழுத்து இருக்காது.

"ரோடு கெழக்க கெடக்குது, வண்டி தெக்க வருது. எங்கியாவது உண்டா இந்த அநியாயம்?" என்று கோழியைப் பார்த்துச் சொல்வார். கோழிக்குச் சொல்வது எங்களுக்கு. நானும் விடமாட்டேன். என் வீட்டு ஆட்டைப் பார்த்து, "தெருன்னா நாலு வண்டி போவத்தான் செய்யும், வாயில்லாத ஜீவனுக்கே தெரியுது" என்பேன். இப்படி வருசாவருசம் மார்கழியில் எங்களுக்குள் பேச்சு கிடையாது. தை பிறந்ததும் அவர் வீட்டுப் பொங்கல் எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் வீட்டுக் கரும்பு அவர் வீட்டுக்குப் போகும், பதினோரு மாசத்துக்கு அக்காவும் தங்கையுமாகிவிடுவோம்.

போன மார்கழியில்தான் அந்த வழக்கம் உடைந்தது. அக்காவின் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். ஒரே மகள். நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவளுக்கு, கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சொன்ன நாளில் வந்து சேரவேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குள் போய்ச் சேர மொரப்பூரில் காலை ரயிலைப் பிடித்தால்தான் ஆகும். எங்கள் ஊருக்கு முதல் பஸ் வருவதற்குள் அந்த ரயில் சேலத்தையே தாண்டிவிடும். பைக்கில் போகலாம் என்றால் பெட்டி, பை, பாய், ஹாஸ்டலுக்கு ஒரு டின் புளி, கூடவே கொண்டுபோய் விட்டுவர அம்மா. இத்தனையையும் எந்த பைக்கில் ஏற்றுவது?

முதல் நாள் சாயங்காலம் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். மார்கழி பாதிகூட ஆகவில்லை. நான் ஆட்டைத் தேடினேன், அது மேயப் போயிருந்தது.

அக்கா என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "தம்பி, பாப்பாவ மொரப்பூர்ல வுட்டுட்டு மார்க்கெட்டுக்குப் போறீங்களா?" என்றார்.

"இதக் கேக்கணுமாங்க்கா? நம்ம வூட்டுப் புள்ள" என்றார் இவர். எனக்கும் மனசு இளகித்தான் போயிற்று. ஆனால் அக்கா அத்தோடு நிற்கவில்லை.

"மார்கழியில நல்ல காரியத்துக்கு அனுப்பறனேன்னு எனக்கு ஏற்கனவே பகீர்னு இருக்குது. வண்டி வேற தெக்கால பாத்து நிக்குது. எமன் தெசைங்க அது. கொஞ்சம் கெழக்க பாத்து நிறுத்திடுங்க தம்பி. புள்ள மொத மொதல்ல வேலைக்குப் போறா."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்கால வெயிலில் சூடேறிக் கிடந்த வண்டி சமர்த்தாகக் கிளம்பி, கிழக்கே பார்த்துச் சமதரையில் நின்றது. சக்கரத்துக்குக் கல் வைக்கக்கூட வேலை இல்லை. "காலையில எப்படிங்க எடுப்பீங்க?" என்றேன். "கெழக்க பாத்து நிக்கற வண்டிடி, அதுவே போவும்" என்றார். அக்கா வாய் நிறைய 'தம்பி' என்று கூப்பிட்டதில் மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை.

காலையில் பனி இறங்கி எதிர்வீடுகூடத் தெரியவில்லை. பாப்பா புதுச் சுடிதாரில், காதில் மப்ளர் கட்டிக்கொண்டு நின்றாள். இவர் சாமி கும்பிட்டுச் சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது, அணைந்தது. வண்டி தொண்டையைச் செருமிக்கொண்டதே தவிர, வேறு ஒன்றும் செய்யவில்லை. திரும்பத் திரும்பத் திருப்பினார். நான் குளிக்க வைத்திருந்த வெந்நீரைக் கொண்டுவந்து இன்ஜின் மேல் ஊற்றினேன். ஆவி கிளம்பியது, வண்டி கிளம்பவில்லை. கடைசியில் பேட்டரியும் இறங்கி, சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

பாப்பா போனை எடுத்து நேரம் பார்ப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டதை நான் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் வண்டியை ஒரு உதை விட்டேன். கால்தான் வலித்தது.

"திருப்பித் தெக்கால கொண்டுவந்தா ஒரே உருட்டுல எடுத்துரலாம்" என்றார் இவர். சமதரையில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளித் திருப்புவது லேசான காரியமா? சொசைட்டிக்குப் பால் கொண்டுபோன இரண்டு பேர் கேனை இறக்கிவைத்துவிட்டு வந்து கைகொடுத்தார்கள். நான், அக்கா, புதுச் சுடிதாரோடு பாப்பா, எல்லோரும் முட்டுக்கொடுத்துத் தள்ளினோம். மூச்சு வாங்க வாங்க வண்டி மெல்ல வளைந்து, மூக்கைத் தெற்கே நீட்டி, இறக்கத்தின் தலையில் வந்து நின்றது. நான் பழக்கதோசத்தில் சக்கரத்துக்குக் கல்லை வைத்தேன்.

அப்போதுதான் எல்லோரும் கீழே பார்த்தோம். மகள் கிளம்புகிற நாள் என்று அக்கா அன்றைக்கு ராத்தூக்கத்தை விட்டுப் போட்ட கோலம் அது. தெரு முழுக்க ஒரு பெரிய தேர். வடமும் குதிரையும் கூட உண்டு. கலர்ப் பொடி பனியிலும் பளிச்சென்று தெரிந்தது. சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு பூசணிப்பூ.

இவர் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கோலம்..." என்று இழுத்தார்.

"கோலம் கெடக்குது வுடுங்க தம்பி. நாளைக்கிப் போட்டுக்கலாம். ரயிலு நாளைக்கி நிக்குமா எம்புள்ளைக்கு?" என்ற அக்கா, என்னை எதிர்பார்க்காமல் தானே குனிந்து கல்லை எடுத்தார்.

வண்டி உருண்டது. குதிரை போனது, வடம் போனது. தேரின் நடு மத்தியில் வண்டி குலுங்கிற்று. ஒரு குலுக்கு, இன்னொரு குலுக்கு. புகை வந்தது. அடுத்து வந்த சத்தம் மாதிரி இனிமையான சத்தத்தை நான் எந்தக் கோயில் மைக்கிலும் கேட்டதில்லை. பாப்பா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அக்கா கலைந்த கோலத்தில் நசுங்காமல் தப்பிய ஒரு பூவை எடுத்துவந்து, வண்டியின் முன்கண்ணாடி ஓரத்தில் செருகினார்.

மொரப்பூரில் இவர் இன்ஜினை அணைக்கவே இல்லை. அணைத்தால் மறுபடி யார் தள்ளுவது? வண்டியை ஓடவிட்டபடியே பெட்டியையும் புளி டின்னையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரயில் வந்துகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் பாப்பா ஜன்னல் வழியாக, "சின்னம்மா, மொதல்ல ஹீட்டர மாத்தச் சொல்லுங்க சித்தப்பாவ" என்று கத்தினாள். ரயிலில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

இவருக்கு ரோசம் வந்துவிட்டது. அன்றைக்கே மார்க்கெட் முடிந்ததும் தருமபுரியில் மெக்கானிக்கிடம் விட்டு ஹீட்டரை மாற்றினார், பேட்டரியும் புதுசு. அடுத்த நாள் வாசலிலேயே ஒரே திருப்பில் வண்டி எழுந்தது. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. இத்தனை மார்கழி தள்ளியிருக்கிறேனே!

அக்கா கோயம்புத்தூரிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, இனிமேல் கிழக்கே போய்விடலாம், பாவம் அவர் கோலம் பிழைக்கட்டும் என்று பேசிக்கொண்டே வெளியே வந்தோம். கீழே பார்த்தால் புதுக் கோலம். தாமரைக் குளம். ஆனால் குளத்தின் நடுவே மேலிருந்து கீழாக இரண்டு வெற்றுப் பட்டை. ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை. சரியாக எங்கள் சக்கரங்களின் அகலம். பட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடுவிலுமாகத் தாமரைகள் ஒதுங்கி நின்றன.

"நேரா வுடச் சொல்லும்மா தம்பிய. இடம் வுட்டுத்தான் போட்டிருக்குது" என்று அக்கா கீழிருந்து குரல் கொடுத்தார். மார்கழியில் அவர் கோழியைத் தேடாமல் என்னிடமே பேசியது அதுதான் முதல் தடவை.

நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "ஹீட்டரு மாத்தினது தெரிஞ்சா அக்காவுக்குச் சங்கடமாயிரும், சத்தங்காட்டாம உருட்டுங்க" என்றேன். அவர் ஏறி ஸ்டீரிங்கைப் பிடித்தார். பழக்கத்தில் தெற்கே பார்த்தே நிறுத்தியிருந்த வண்டியை நான் தள்ளிவிட்டேன். அந்த இரண்டு பட்டையில் சக்கரம் பிசகாமல் இறக்கி, ஏரிக்கரைப் பக்கம் போய் ஸ்டார்ட் செய்தார். அதற்குப் பிறகு மார்கழி முழுக்க அப்படித்தான். நல்ல ஹீட்டரை வைத்துக்கொண்டு தள்ளுகிற பைத்தியங்கள் ஜில்லாவிலேயே நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

போகிக்கு பாப்பா லீவில் வந்திருந்தாள். காலையில் வாசலில் நின்று நாங்கள் உருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, "என்ன சித்தப்பா, இன்னும் ஹீட்டரு மாத்தலயா?" என்றாள். இவர் திருதிருவென்று விழித்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அக்கா கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "அதெல்லாம் அன்னிக்கே மாத்தியாச்சு. முன்ன நம்ம வாசல்ல வந்து குலுக்கும், பொகை வுடும். இப்ப பூனையாட்டம் போயி, ஏரிக்கரையில ஒரே திருப்புல எடுக்குது. இதுகூடவா தெரியாது எனக்கு?"

"தெரிஞ்சுமா இடம் வுட்டுக் கோலம் போட்டீங்க?" என்றேன்.

"தெரிஞ்சுமா நீங்க தள்ளிக்கினு வந்தீங்க?" என்றார் அக்கா.

பாப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"அடுத்த மார்கழிக்கும் தெக்கால பாத்தே நிறுத்தச் சொல்லு" என்று அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். "நம்ம வண்டிக்கு ராசியான தெச அதுதான். ஆனா ஸ்டார்ட் பண்ணியே வாங்க, இடுப்பு போயிரப் போவுது."