உள்ளங்கைக்குள் ஒரு குழாய்

என் மகளுக்கு நாலு வயது. எனக்கு நாற்பத்தொன்பது. வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன், "பேத்திக்கு இன்னா சார்?" என்று கேட்டார். குடலிறக்கம் என்றேன். உறவைத் திருத்தவில்லை. பழகிவிட்டது.

சின்ன ஆபரேஷன்தான். பயம் கத்தியைப் பற்றி அல்ல, மூச்சைப் பற்றி. அவளுக்கு வீசிங் உண்டு. ஆம்பூர் கிளினிக் ஒன்றில் மூன்று பேர் அமுக்கிப் பிடித்து முகமூடி வைத்து ஆவி கொடுத்ததிலிருந்து, முகத்தருகே பவுடர் பஃப் வந்தாலே அலறுவாள். மயக்க மருந்தும் முகமூடி வழியாகத்தான்.

மயக்க டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். "அழுதுட்டே போனா சளி ஜாஸ்தியாகும், தொண்டை இறுகிக்கும். அழாம தூங்கணும். நீங்களும் உள்ள வாங்கப்பா, மடியில வச்சிக்குங்க," என்றார்.

ஷூ கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதுகிறவன் நான். சரக்கு தாமதமானதற்குக்கூட வெள்ளைக்காரன் சிரிக்கும்படி காரணம் எழுதுவேன் என்று பெயர். அந்தத் தைரியத்தில் யானைக்கதை ஒன்றைத் தயார் செய்திருந்தேன். ஆபரேஷன் அறையில், கதைக்குள் யானை வருவதற்குள் மடியிலிருந்த மகள், "பேஜார் பண்ணாதப்பா," என்றாள். உதடு துடிக்க ஆரம்பித்திருந்தது.

டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிப் பின்னால் வைத்துவிட்டார். மயக்க வாயு வரும் வெறும் குழாயை விரல்களுக்கிடையே செருகி, உள்ளங்கையைக் குவித்து நீட்டினார்.

"பாப்பா, கை சுட்டுக்கிச்சு. ஊதி விடேன்."

மகள் சந்தேகமாகப் பார்த்தாள். "அடுப்பாண்ட போனியா?"

"போனேன்."

"போகாதன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

பெருமூச்சு விட்டு, குனிந்து ஊதினாள். ஊதினால் மூச்சை இழுத்துத்தானே ஆக வேண்டும். ஒவ்வொரு ஊதலுக்கும் அந்தக் கை நூலளவு நெருங்கியது. மகளின் தலை என் தோளில் சாய்ந்த பிறகே முகமூடி வந்தது. டாக்டரம்மாவின் விரல்கள் தாடையை லேசாகத் தூக்கிப் பிடித்தன. கண் மட்டும், சுருங்கி விரியும் மூச்சுப்பையை விட்டு நகரவில்லை. ஒரு குழந்தையின் பயத்தை, பூட்டைப் போல, இத்தனை மரியாதையோடு யாரும் திறந்து நான் பார்த்ததில்லை.

இதற்குள் அறை சுற்றியது. மகளோடு சேர்ந்து நானும் விடாமல் ஊதியிருக்கிறேன். நர்ஸம்மா முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். "சார், ஆபரேஷன் உங்களுக்கு இல்ல."

பெஞ்சில் மனைவி கேட்டாள்: "அழுதாளா?"

"இல்ல."

"நீங்க?"

தண்ணீர் கேட்டேன்.

ஆபரேஷன் முடிந்து கதவு திறந்தபோது உள்ளிருந்து அழுகை, ஊருக்கே கேட்கிற மாதிரி. பதறி எழுந்தேன். டாக்டரம்மா கையமர்த்தினார். "இப்ப அழலாம்பா. தூங்குனப்புறம் தொண்டையில வச்ச குழாயை எடுத்தாச்சு, தானா நல்லா மூச்சு விடுறா. அதான் இவ்ளோ சத்தம்." குழாயை எடுத்ததிலிருந்து பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு மூச்சையும் கவனித்திருக்கிறார்.

வீட்டில் அவள் அழ ஆரம்பித்தால் பேப்பரோடு மொட்டைமாடிக்குப் போகிறவன் நான். அன்று கதவோரம் நின்று ரசித்துக் கேட்டேன், மனைவி "போதும், போய்த் தூக்குங்க" என்று முதுகில் தள்ளும்வரை.