கண்ணு சொக்குது என்று காரை நிறுத்திய டிரைவர்

திருச்சியில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் சின்ன பேக்கரி என்னுடையது. போன வாரம் மாலதி காய்ச்சலோடு அடுப்பு முன்னால் நின்று, தலைசுற்றி, சூடான தட்டில் கையைச் சுட்டுக்கொண்டாள். "காய்ச்சல்னு ஏன் சொல்லல?" என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டேன். கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். திங்களன்று அவள் கணவர் வந்து, "அவ இனிமே வரமாட்டா மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து வருடம் என்னோடு இருந்தவள். கடையில் உட்கார முடியவில்லை. செவ்வாய் விடிகாலை மதுரைக்கு ரயிலேறிவிட்டேன்.

காலை 6.40க்கு மதுரை ஜங்ஷன். திருமங்கலத்தில் ஆறு கார்கள் வைத்திருக்கும் ஒருவரிடம் முந்தின நாளே வாடகைக் காருக்குச் சொல்லியிருந்தேன். எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர், 2,600 ரூபாய். டிரைவர் பாண்டி ஏழு மணிக்குச் சரியாக வந்தார்.

முதலில் கீழக்குயில்குடி மலை, 12 கிலோமீட்டர். தாமரைக் குளத்தைப் பார்த்ததுமே பாதிக் கவலை போய்விட்டது. பாறையில் வெட்டிய படிகளில் மூச்சு வாங்க ஏறினால், சமணத் துறவிகளின் கல்படுக்கைகள், தீர்த்தங்கரர் சிற்பங்கள். மேலிருந்து பார்த்தால் மதுரை முழுக்க வெயிலில் கிடக்கிறது. அடடா, இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு இத்தனை வருடம் வராமல் இருந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். கட்டணம் கிடையாது. தண்ணீர் மட்டும் கையோடு கொண்டுபோங்கள், மேலே கிடைக்காது.

10.45க்குத் திருமங்கலம். பேக்கரிக்கு நிலக்கடலை வாங்கினேன், பிரியாணி சாப்பிட்டேன் (220 ரூபாய், தாராளமான அளவு). 12.40க்குக் கிளம்பினோம். அடுத்தது மதுரையில் துண்டு நெய்யும் செல்லூர், பிறகு 3.25க்கு ரயில்.

எட்டு கிலோமீட்டர் வந்திருப்போம். பாண்டி வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினார்.

"கண்ணு சொக்குதுக்கா. இதுக்கு மேல ஓட்ட மாட்டேன். சின்ன மகளுக்கு ராத்திரி பூரா இருமல், தூங்கவே இல்ல. ஓனர் அண்ணனுக்குப் போன் போடுறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒரு டீ குடிச்சா சரியாயிடுமே தம்பி?"

"டீ பத்து நிமிசந்தேன்கா தாங்கும்."

"ஓனர் திட்ட மாட்டாரா?"

"சொல்லாம ஓட்டுனாத்தேன் வைவாரு."

இருபத்தைந்து நிமிடத்தில் யாரோ ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து முதலாளி முத்துக்காளை வந்து இறங்கினார். "மாப்ள, அந்தப் பக்கம் உக்காரு" என்று சாவியை வாங்கிக்கொண்டார். ஒரு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் பாண்டி குறட்டை விட்டார். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. உங்கள் டிரைவர்களை எப்படி இதைச் சொல்ல வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல போர்டே எழுதி மாட்டினேம்மா, தூக்கம் வந்தா சொல்லுங்கன்னு. ஒரு பய சொல்லல. பெறகு ஒருநா விருதுநகர் ரோட்ல எனக்கே கண்ணக் கட்டுச்சு. இவனுக்குப் போன் அடிச்சு, 'மாப்ள, என்னால முடியல, வந்து வண்டிய எடு'ன்னேன். ஓனரே சொல்றாருன்னு தெரிஞ்ச பெறகு அம்புட்டுப் பேரும் சொல்ல ஆரம்பிச்சுட்டாய்ங்க."

செல்லூருக்குள் 2.05க்கு நுழைந்தோம். குறுகிய சந்துகளில் தறிச் சத்தம் காதைப் பிளந்தது. இருபத்தைந்தே நிமிடத்தில் பேக்கரிக்குப் பன்னிரண்டு துண்டுகள் எடுத்தேன். கை துண்டுகளைப் புரட்டியதே தவிர, புத்தி முழுக்க அவர் சொன்னதிலேயே இருந்தது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் நான் பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு இரண்டு நாள் நின்று கேக் போட்டேன் என்று. மாலதிக்கு அது மனப்பாடம்.

போகிறவர்களுக்கு: மலையை ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். செல்லூருக்கு இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். ரயிலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள், அப்போதுதான் டிரைவர் உண்மையைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வராது.

ரயில் கிளம்பியதும் மாலதிக்குப் போன் செய்தேன். "அந்தக் கிறிஸ்துமஸ் கதையில ஒண்ண நான் யார்ட்டயும் சொன்னதில்ல. ரெண்டாவது நாள் சர்க்கரைன்னு நெனச்சு உப்பக் கொட்டிட்டேன். அவ்வளவு மாவையும் யாருக்கும் தெரியாம குப்பையில போட்டேன். நான் அன்னைக்கு வீட்டுக்குப் போயிருக்கணும் மாலதி. என்னப் பாத்துத்தான் நீயும் நின்ன."

"அக்கா, எனக்கு இப்பத் தலைவலிக்குது. நாளைக்குப் பேசவா?" என்றாள்.

வேலைக்குத் திரும்புவாளா, தெரியாது. ஆனால் பத்து வருடத்தில் தனக்கு முடியவில்லை என்று அவள் என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. "தூங்கும்மா" என்று போனை வைத்தேன். கொடைரோடு தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.